டில்லி எழுந்து நின்ற டெமோ

டில்லிபாபு போய்விட்டான். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றானாம், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டதாம்... அவன் மனைவி போனில் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

போன வாரம்கூட என் போஸ்ட்டில் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனவன். பாவி.

உங்களில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியாது. என்னோடு ஒரே ஆபீஸில் புரோகிராம் எழுதினவன்.

தொண்ணூறுகளின் கடைசி. திருவொற்றியூரில் ஒரு மாடி அறை. நான், டில்லி, எங்கள் முதலாளி சார். மணலிப் பக்கம் ஒரு கெமிக்கல் ஆலை எங்களிடம் ஒரு சாஃப்ட்வேர் கேட்டிருந்தது. வாயு கசிந்தால் காற்றோடு எந்தப் பக்கம் போகும், எந்தத் தெரு ஜனங்களை முதலில் வெளியேற்ற வேண்டும்... கணக்குப் போட்டு ஊர் மேப் மேல் சிவப்பாகக் காட்ட வேண்டும்.

எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது? அங்கேதான் ஆரம்பித்தது.

நான் விஷுவல் பேசிக் என்றேன். ஸ்கிரீன் சீக்கிரம் ரெடியாகிவிடும், நாளைக்கு யார் வந்தாலும் படித்துத் திருத்தலாம். டில்லி சி பிளஸ் பிளஸ்தான், படம் வரைய ஓப்பன்ஜிஎல்தான் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"உன்து கணக்கு போட்டுகினு இருக்க சொல்லோ ஸ்கிரீன் அப்டியே ஒறஞ்சி நின்னுடுது மல்லி. அங்க கேஸ் லீக் ஆயிகினு கீது, அவன் இன்னா பண்ணுவான், குந்தினு வேடிக்கை பார்ப்பானா?"

"உன்து முடியறதுக்குள்ள ஃபேக்டரியையே மூடிட்டுப் பூடுவாங்க," என்றேன் நான்.

வாரக்கணக்கில் இதே பேஜார். கடைசியில் சார் விஷுவல் பேசிக் என்று முடிவு செய்தார். டில்லி எழுதி வைத்திருந்த படம் வரையும் பகுதியை நான் என் ஸ்கிரீனுக்கு மாற்ற வேண்டும். அவன் ஃப்ளாப்பியை என் கீபோர்டு மேல் வைத்துவிட்டுப் போனான். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. டீ கூடத் தனித்தனியாகத்தான் குடித்தோம்.

டெமோ நாள். மழைக்காலம். ஆலையின் மீட்டிங் அறை முழுக்க ஆபீசர்கள். இந்த ஆர்டர் போனால் எங்கள் ஆபீஸை மூட வேண்டியதுதான் என்று சார் வேனிலேயே சொல்லியிருந்தார்.

"இன்னைக்கு அடிக்கிற காத்தையே போடுங்கம்மா," என்றார் பெரிய ஆபீசர்.

வாடைக் காற்று, வடகிழக்கிலிருந்து. போட்டேன். ஸ்கிரீன் உறைந்து நின்றது... டில்லி பின்வரிசையிலிருந்து முறைப்பது எனக்கு முதுகில் தெரிந்தது. அப்புறம் சிவப்பு மெல்ல விரிந்து, வடமேற்கே, வெறும் வயல்வெளிப் பக்கம் போனது.

ஆபீசர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நல்லவேளை, அந்தப் பக்கம் வீடே இல்ல." சார் கையெழுத்துக்குப் பேனா மூடியைத் திறந்தேவிட்டார்.

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். டில்லி எழுந்து நின்றான்.

"தப்பு சார். இது எங்க மாத்தூர் மேல போவணும்."

சார் கண்ணாலேயே உட்காரச் சொன்னார். அவன் நேராகப் போய் ஜன்னலைத் திறந்தான். வெளியே, காற்றின் திசை பார்க்கக் கம்பத்தில் கட்டியிருந்த துணிப்பை விறைப்பாகத் தென்மேற்கே நீட்டிக்கொண்டிருந்தது.

"அந்தத் துணி எங்க வூட்டுப் பக்கம் பறந்துகினு கீது சார். அங்க என் கொயந்த கீது. உங்க ஸ்கிரீன் வேற பக்கம் காட்டுது."

நான் கோடிங்கைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன்.

ஒரு மைனஸ் குறி விட்டுப்போயிருந்தது. அவ்வளவுதான். அவன் முறையில் படத்தைக் கீழிருந்து மேலே எண்ண வேண்டும், என் ஸ்கிரீனில் மேலிருந்து கீழே. வடக்கும் தெற்கும் கவிழ்ந்துவிட்டது. ஆபீஸில் நாங்கள் சோதித்ததெல்லாம் நேர் கிழக்கிலிருந்து வரும் கடல் காற்றை வைத்து... அது நேராக மேற்கே போகும், கவிழ்ந்தாலும் தெரியாது. எங்கள் ஏரியாக்காரர்களுக்குக் காற்று என்றாலே கடல் காற்றுதானே!

"இதோ, இப்பவே மாத்திடறேன் சார்," என்று கை வைத்தேன். டில்லி கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டான்.

"இங்க என் வூடு கீது, கண்ணுல பட்டுச்சு. மத்த பக்கம் யார் வூடு கீதுன்னு உனக்குத் தெரியுமா? எல்லாக் காத்தையும் போட்டுப் பார்க்காம இத்த யார் கையிலயும் குடுக்கக் கூடாது மல்லி."

அன்றைக்குக் கையெழுத்தாகவில்லை. திரும்பி வரும்போது சார் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

மறுநாளிலிருந்து நானும் அவனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, திசை திசையாகக் காற்றைத் திருப்பிப் பார்த்தோம். சண்டை போட்டுக்கொண்டேதான். மழைக்காலம் முடிந்த பிறகு ஆலை அதை வாங்கியது. ஸ்கிரீன் என் விஷுவல் பேசிக், கணக்கு மட்டும் பின்னால் தனியாக ஓடும் அவன் சி பிளஸ் பிளஸ். அதற்கப்புறம் ஸ்கிரீன் உறையவில்லை.

தப்பு அவன் கோடிங்கிலா, என் ஸ்கிரீனிலா? இத்தனை வருஷமும் அந்தச் சண்டை தீரவில்லை. போன வாரம் அவன் போட்ட கமெண்ட்டும் அதுதான். "உன் ஸ்கிரீன்தான் தலைகீழா நிக்குது மல்லி, ஒத்துக்கோ." சாவகாசமாகப் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்...

மாத்தூரில், அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த பெண்தான் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். முகம் அப்படியே அவன்தான்.

ஷாமியானா படபடவென்று அடித்துக்கொள்கிறது. இன்றைக்கும் வாடைக் காற்று. ஆலைப் பக்கமிருந்து நேராக இங்கேதான் வருகிறது.

நான் பார்த்துகினு கீறேன் டில்லி. நீ போ.