மூட்டுவலிப் பொடியும் அண்ணன் சொல்லாத பெயரும்

எங்கள் அண்ணனை வழியனுப்பி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் சொந்தங்கள் அறியாத ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன்.

அண்ணன் மம்சாபுரத்தில் பிறந்தார். அப்பா கூலி வேலை செய்து படிக்க வைத்தார். சித்த மருத்துவப் பட்டம் பெற்று, இராஜபாளையத்தில் இருபது ஆண்டுகள் வைத்தியம் பார்த்தார். தன்னால் ஆகாத நோயைத் தயங்காமல் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அண்ணனின் மருந்து மெல்லத்தான் கேட்டது. பொறுக்க முடியாமல், எல்லோரும் புகழ்ந்த ஒரு மூலிகைப் பொடியை ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கி, அண்ணனுக்குத் தெரியாமல் அம்மாவுக்குக் கொடுத்தேன். மூன்றே நாளில் அம்மா எழுந்து நடந்தார். இரண்டு மாதத்தில் முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, காலில் பட்ட சிறு புண் அழுகி இறந்துபோனார்.

"மகன் மருந்தே தாயக் கொன்னுட்டு" என்று ஊர் பேசியது. அண்ணன் காரியத்துக்கான வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்த பிறகு மிச்சப் பொட்டலத்தை அவரிடம் நீட்டினேன்.

"இதுல என்ன சேந்திருக்குன்னு போட்டிருக்கா? லைசென்ஸ் நம்பர் இருக்கா?"

"மூலிகைதானேன்னு நெனச்சேண்ணே."

"மூலிகைன்னா கெடுதல் செய்யாதுன்னு யாருட்டி சொன்னா? வேலை செய்யுற மருந்து எதுவும் அளவு மீறினா கொல்லும்."

சோதனைக்கு அனுப்பினார். வலியைச் சட்டென அடக்கி, முகத்தை வீங்கவைத்து, சர்க்கரையை ஏற்றும் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருந்தது தெரிந்தது. அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார்; பொடியை வாங்கியது யார் என்று மட்டும் அதில் எழுதவில்லை.

ஒரு வாரத்தில், பட்டப்பகலில், விற்றவனின் ஆட்கள் மூவர் வைத்தியசாலைக்குள் நுழைந்தார்கள். அண்ணன் அங்கே இருந்த என்னை உள்ளறையில் தள்ளி வெளியே தாழிட்டார்.

"பொட்டலத்தக் கொடுத்தது யாருலே? பேரச் சொல்லு!"

கேள்விக்குக் கேள்வி இரும்புக் கம்பி இறங்கியது. புட்டிகள் நொறுங்கின. கதவுக்கடியில் வழிந்த இரத்தம் என் பாதத்தை நனைத்தது.

"தெரியாது."

எலும்பு முறியும் சத்தம் கேட்டது.

"தெரியாதுலே."

நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

ஷிப்டு முடிந்து வந்த மில் தொழிலாளர்கள் அவர்களை மடக்கிப் பிடித்தார்கள். விற்றவன் சிறைக்குப் போனான். அண்ணனுக்கு விலா எலும்புகள் முறிந்து, இடக்கண் போனது. மாரடைப்பில் மறையும் வரை ஒற்றைக் கண்ணோடுதான் வைத்தியம் பார்த்தார்.

"ஏண்ணே எம்பேரச் சொல்லல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அம்மா போனது போதாதாட்டி ஒனக்கு?" என்றார்.

அன்று அவரைத் தூக்கிச் சென்ற மில் தொழிலாளர்களுக்கும், சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், மிரட்டலுக்கு அஞ்சாமல் சாட்சி சொன்ன நோயாளிகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. அண்ணனைப் பழித்தவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. நீங்கள் தெரியாமல் பேசினீர்கள். நான் தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

தங்கை