அம்மாவை நடக்க வைத்த அக்கா

சபையில் எழுந்து பேச எனக்கு வராது. அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்கள் முன்னால் நின்றால் சொல்ல வந்தது மறந்துவிடும். அதனால் எட்டாவது வரை படித்த படிப்பை நம்பி இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது இதே ஜவ்வாது மலையில், எங்கள் சாமைக் கொல்லையை ஒட்டிய வீட்டில். அப்பா சீக்கிரம் போய்விட்டதால், அம்மா கொல்லை வேலைக்குப் போகும்போது என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அக்காதான். மணமான சில வருடங்களில் அவர் கணவரும் காய்ச்சலில் இறந்தார். குழந்தை இல்லை. ஆலங்காயத்துக்கு நடந்து இறங்கி, அங்கிருந்து பஸ் ஏறி, வாணியம்பாடியில் ஒரு தோல் வியாபாரி வீட்டில் சேர்ந்தார். வியாபாரியின் வயதான தாயாரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்தக் குடும்பம் சிங்கப்பூருக்குக் குடிபோனபோது, "இவ வராம நான் கப்பல் ஏறமாட்டேன்" என்று அந்த அம்மையார் பிடிவாதம் பிடித்தாராம். அப்படித்தான் எங்கள் அக்கா கடல் தாண்டினார்.

அக்கா சொன்ன சிங்கப்பூர் எனக்கு இன்றும் கனவில் பார்த்த ஊர்போல இருக்கிறது. விடியும் நேரம், உயர்ந்த மாடி வீடுகளுக்கு நடுவே ஒரு புல்வெளி. அங்கே சீனத்து முதியவர்கள் வரிசையாக நின்று, சத்தமே இல்லாமல், கைகளை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்குவார்களாம்.

"தண்ணிக்குள்ள மரம் அசையற மாதிரி இருக்கும்டா தம்பி" என்பார். தான் பார்த்துக்கொண்ட அம்மையாரையும் அங்கே அழைத்துப் போய், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகளை உயர்த்த வைத்தாராம்.

லீவு நாளில், வாலிபத்தில் கூலிக்கு வந்து தனியாகவே வயதாகிப்போனவர்கள் தங்கும் விடுதிக்குப் போய் அவர்களுக்கு நகம் வெட்டிவிடுவார். "பெட்டு வெள்ள வெளேர்னு இருக்கும். வேளைக்குச் சோறு வரும். ஆனா மாமா, சித்தப்பான்னு கூப்பிட ஒரு வாய் இல்ல" என்பார்.

அந்த அம்மையார் காலமான வருடம், அம்மா புளி உலுக்கப் போன இடத்தில் பாறையில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது. அம்மா எழவில்லை. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வயதானவர் படுத்தால் வீட்டுக்கு வீடு முறை வைத்து ஊட்டுவோம். கால் தரையில் பட விடமாட்டோம். பட விட்டால் பெற்ற பிள்ளைக்கும் பங்காளிகளுக்கும் கேவலம். அத்தனை அன்பிலும் அம்மாவின் கால்கள் குச்சியாக மெலிந்தன. முதுகில் புண் வந்தது. "போதும், என்ன அனுப்பிடுங்க" என்று கஞ்சியை ஒதுக்க ஆரம்பித்தார்.

அக்கா ஊர் திரும்பியது அப்போதுதான். பெட்டியை இறக்கிய கையோடு அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைப் பார்த்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெந்நீர் வைத்தார். பக்கம் மாற்றி மாற்றிப் படுக்க வைத்துப் புண்ணை ஆற்றினார். ஆறியதும், "எழுந்திரு" என்றார்.

"பெத்த பொண்ணா நீ, போலீசா?" என்றார் அம்மா.

"போலீசுன்னே வெச்சிக்க. எழுந்திரு."

செய்தி கேட்டு எங்கள் தாய்மாமன் கோபமாக வந்தார். "இன்னாமே இது? இத்தினி சனம் இருக்கசொல்ல படுத்த கெழவிய நிக்க வெக்கிற? சீமைக்குப் போயி கல்லு மனசா ஆயிட்டியா? எங்க மானம் இன்னாத்துக்கு ஆவறது?"

"காலு போயிட்டா மானமா வந்து தூக்கும், மாமா?" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. ஆனால் அம்மாவின் தோளைப் பிடித்த பிடியை விடவில்லை. அம்மா மறுபடி விழுந்தால் ஊர் அக்காவை மன்னிக்காது.

மாமா அம்மாவைப் பழையபடி படுக்க வைக்கக் குனிந்தார். அம்மா தன் தம்பியின் கையைத் தட்டிவிட்டார். "தள்ளுடா. என் காலு, நான் வெக்கிறேன்."

வைத்தார். நின்றார். அன்று அவ்வளவுதான்.

பிறகு வந்த காலைகளை நினைத்தால் அவை நிஜமாக நடந்தவைதானா என்று இருக்கும். பனிக்காலத்தில் மேகம் எங்கள் களத்துக்குள்ளேயே இறங்கி நிற்கும். முகம் தெரியாது. கைகள் மட்டும் மெல்ல மேலே போகும், மெல்லக் கீழே வரும். முதலில் அம்மாவின் கைகள் மட்டும். "கொக்கு பறக்கக் கத்துக்குதா?" என்று கேலி செய்த சின்னம்மா பிறகு தானும் வந்தார். ஊரின் வயதான பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முறை வைத்து ஊட்டியவர்கள் முறை வைத்து அம்மாவுடன் நடந்தார்கள். அக்கா ஊர் வழக்கத்தை விட்டுவிடச் சொல்லவே இல்லை.

போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. காலம் கடந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைசி வரை அவரைத் துடைத்து, உடை மாற்றி, பக்கம் மாற்றிப் படுக்க வைத்தது அம்மாதான். மகளுக்குத் தாய் செய்யும்படி ஆயிற்றே என்று அழுதவர்களிடம் அம்மா சொன்னார்: "அழுவாதீங்கடி. நிக்க முடியுது, அதனால செய்யறேன். படுத்தே கெடந்திருந்தா எம் பொண்ணுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்திருக்க மாட்டேன்."

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக டோலி கட்டி பஸ் ரோடு வரை தூக்கிய பங்காளிகளுக்கும், முன்னால் தோள் கொடுத்த தாய்மாமனுக்கும், செய்தி கேட்டுச் சிங்கப்பூரிலிருந்து ஓடிவந்த வாணியம்பாடிக் குடும்பத்தாருக்கும், களத்துப் பெண்கள் எல்லோருக்கும் எங்கள் கும்பிடு.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்று பந்தியில் அம்மா தன் கையாலேயே உங்களுக்குப் பரிமாறுவார். மெதுவாகத்தான் வருவார். எழுந்து ஓடிப்போய் வாளியை வாங்கிவிடாதீர்கள். இலை முன்னால் சற்றுக் காத்திருங்கள்.