என் செட் ஏன் ஊளையிடுகிறது?

'கீஈஈ' என்று தொடங்கி, பல்லைக் கூசவைத்து, கடைசியில் 'ஊஊ' என்று இறங்கும் அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பதினாறு வயதில், தஞ்சாவூர்ப் பக்கம் பாபநாசத்தை ஒட்டிய எங்கள் ஊரில், நானே செய்த ரேடியோ போட்ட சத்தம் அது.

எங்கள் வீட்டு ரேடியோவில் சிற்றலை கிடையாது. ஒற்றை டிரான்சிஸ்டரில் வெளிநாட்டு நிலையங்களைப் பிடிக்கலாம் என்று பத்திரிகையில் படம் போட்டிருந்ததை நம்பி, பம்புசெட்டுக்கு வாங்கி மிஞ்சிய குழாய்த் துண்டில், மோட்டார் காயில் கட்டும் கடையில் கெஞ்சி வாங்கிய செம்புக் கம்பியைச் சுற்றி, ஏரியலைத் தென்னைக்கும் எர்த்தை அடிபம்புக்கும் இழுத்துக் கட்டினேன். "வேலையத்த வேலை" என்றாள் அம்மா. "அடிபம்புல கரண்டு வந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார் அப்பா. டார்ச் பேட்டரியில் ஓடுவது என்று நூறு தடவை சொல்லியிருப்பேன்.

வந்த சிக்னலில் கொஞ்சத்தை மறுபடி உள்ளேயே திருப்பிவிட்டுப் பெருக்குவதுதான் அந்த செட்டின் சூட்சுமம். எவ்வளவு திருப்புவது என்பதற்கு ஒரு குமிழ். மயிரிழை குறைந்தால் ஊமை, கூடினால் ஊளை. நடுவில் எங்கோ தமிழ் பேசும். கையை எடுத்தால் அதுவும் போய்விடும் என்பதால், கையை அந்தரத்தில் பிடித்தபடியே உட்கார்ந்திருக்க வேண்டும். மூக்கு அரித்தால் தொலைந்தது.

வெறுத்துப்போய் ஒரு வெளிநாட்டு நிலையத்தின் தமிழ் ஒலிபரப்புக்கே எழுதிக் கேட்டேன்: என் செட் ஏன் ஊளையிடுகிறது, எப்படி நிறுத்துவது? வரும் ஞாயிறு மாலை கேள்வி-பதிலில் சொல்கிறோம் என்று அட்டை வந்தது. தபால்காரர் அதைத் தெருவுக்கே படித்துக் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்.

எதிர்வீட்டு ராஜம் அக்காவிடம் நல்ல சிற்றலை ரேடியோ இருந்தது. "இங்க வந்து கேளுடி, எல்லாரும் வர்றாங்க" என்றார். எனக்கிருந்த கொழுப்பில், "என் பேரை என் செட்டுலதான்க்கா கேப்பேன்" என்றேன்.

ஞாயிறன்று அப்பா, அம்மா உட்படத் தெருவே அவர் வீட்டுக் கூடத்தில். நான் மட்டும் எங்கள் வீட்டு ஜன்னலோரம், காதில் இயர்போனோடு. அறிவிப்பாளர் "தஞ்சாவூர் மாவட்டம்" என்றதும் குரல் தேய்ந்தது. பதறிக் குமிழைத் திருகினேன். ஊளை. திரும்பத் திருகினேன். ஊமை. பத்து நிமிடம் இதே கூத்து. அழுகையும் ஆத்திரமுமாக இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவர்களாவது பதிலைக் கேட்டிருப்பார்கள் என்று எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

"உன் பேரைச் சொன்னாங்கடி. பதில் சொல்ல ஆரம்பிச்சதும் எவனோ விசிலடிக்கிற மாதிரி 'கீ'ன்னு ஒரே இரைச்சல். நிக்கிறாப்ல இருக்கு, மறுபடி வருது. ஒரு எழவும் கேக்கல" என்றார் ராஜம் அக்கா. ஊளையிடும்போது என் செட் ரேடியோ இல்லை, ஏரியல் வழியாகத் தெருவுக்கே ஊளையை ஒலிபரப்பும் நிலையம் என்று அப்போதுதான் புரிந்தது. என் கேள்விக்கான பதிலை நானே அமுக்கியிருக்கிறேன்! அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பதில் இன்று கைப்பேசியில் அரை நிமிடத்தில் கிடைக்கிறது. ஏரியலுக்கும் காயிலுக்கும் நடுவே இன்னொரு டிரான்சிஸ்டர், சுற்றிலும் ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். போன மாதம் அப்படியே ஒன்று செய்தேன், சொன்னபடி கேட்கிறது சனியன். கேட்கத்தான் ஒன்றுமில்லை. அந்தத் தமிழ் ஒலிபரப்பு எப்போதோ நின்றுவிட்டது, சிற்றலை முழுக்க எல்இடி பல்பும் இன்வெர்ட்டரும் போடும் இரைச்சல்தான்.

ஊருக்குப் போனபோது ராஜம் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரித்தார். "தெரியும்டி. ஜன்னல்ல உன் கை திருகுறதும் இங்க சத்தம் ஏறுறதும் ஒண்ணா இருந்துச்சே."

எனக்கு வந்ததே கோபம். "யாராவது ஓடி வந்து நிறுத்துடின்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நான் எந்திரிச்சேன். உங்கப்பாதான் விடல. 'இருங்க, எம்பொண்ணு இப்பப் பிடிச்சிரும்'னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, கடைசி வரைக்கும்."

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. சண்டை போடவும் ஆளில்லை.