ஒரு நாள் பிந்திய ஆவணி

நான் வலைத்தளம் கட்டிப் பிழைப்பவள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் திறந்த மூலத் தளம் ஒன்றில்தான் என் வேலை முழுவதும். அதோடு சேர்ந்து ஓடுகிற சின்னச் சின்ன பிளகின்களை யாரும் எழுதிப் பொதுவில் போடலாம். வடகரப்பதியில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து நானும் ஒன்று எழுதிப் போட்டேன். தமிழ்த் தேதியைக் கொடுத்தால் அது இங்கிலீஷில் என்றைக்கு என்று சொல்லும். பார்க்க அழகாகவும் இருந்தது, அதில் எனக்குப் பெருமை.

தேதிக் கணக்கைச் சமையலறையில் தொங்கிய மலையாளக் காலண்டரிலிருந்து எடுத்தேன்; புதுக் காலண்டர் வந்தால் அதையும் சேர்த்துவிடுவேன். சிங்கத்துக்கு ஆவணி, கன்னிக்குப் புரட்டாசி என்று மாதப் பெயரை மட்டும் மாற்றினேன். கேரள எல்லையில் இருக்கிற நாங்கள் அப்படித்தான். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "சிங்கம் ஒண்ணுன்னா ஆவணி ஒண்ணு கண்ணு, இதுக்குப் போயி பஞ்சாங்கம் பாப்பாங்களா?" என்றாள். அதோடு விட்டேன்.

சில மாதம் கழித்து, பிழை சொல்லும் பக்கத்தில் யாரோ ஒருவர் எழுதியிருந்தார். "எங்கள் கோயில் தளத்தில் இதைப் போட்டிருக்கிறோம். இந்த மாதம் ஒரு நாள் பிந்திக் காட்டுகிறதே, சரிதானா?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "சரிபார்த்துத்தான் எழுதினேன். சந்தேகம் வேண்டாம்" என்று பதில் போட்டு மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அடுத்த வருடம் ஆவணியில் ஒரு போன் வந்தது. கேரள மலையில் ஆனைக்கரைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்கிறவர். பிளகின் பக்கத்தில் இருந்த என் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்.

"மக கல்யாணத்துக்குச் சோசியர் ஆவணி பன்னெண்டுன்னு குறிச்சுக் குடுத்தாரு தாயி. கோயில் தளத்துல போட்டுப் பாத்து, அது சொன்ன தேதிக்கு மண்டபம் பிடிச்சு, பத்திரிகையும் அடிச்சோம். ஐயருக்கு மட்டும் போன்ல ஆவணி பன்னெண்டுன்னு சொல்லியிருந்தேன். கல்யாணத்துக்கு மொத நாள் காலையில வாழைமரம் வெட்டிக்கிட்டு நிக்கேன், அவரு பஞ்சாங்கப்படி வந்து நின்னுக்கிட்டுக் கூப்பிடுதாரு. மண்டபம் பூட்டிக் கிடக்கே, நீங்கள்லாம் எங்கன்னு கேக்காரு."

அவர் பேசிக்கொண்டே போனார். மாப்பிள்ளை வீட்டார் போடியிலிருந்து கிளம்பவே இல்லையாம். முகூர்த்தம் யாரும் இல்லாமல் கழிந்துவிட்டது. குறித்த நாளே தங்காத பெண்ணை எப்படி எடுப்பது என்று மாப்பிள்ளையின் அம்மா கையை விரித்துவிட்டார். கல்யாணம் நின்றுபோயிற்று.

பேசிக்கொண்டே கணினியில் பஞ்சாங்கத்தைத் தேடித் திறந்தேன். சூரியன் ராசி மாறுவது பிற்பகலில் என்றால் தமிழுக்கு அன்றே மாதம் பிறக்கிறது, மலையாளத்துக்கு மறுநாள். பல மாதம் ஒத்துப்போகும், சில மாதம் ஒரு நாள் விலகும். இத்தனை வருடம் இரண்டு தேதிக்கும் நடுவில் குடியிருந்தும் எனக்கு இது தெரியாது.

"தப்பு என்னோடதுதானுங்க. என்ன சொன்னாலும் கேட்டுக்கறேனுங்க" என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"திட்டக் கூப்பிடல தாயி. இத ஒரு காயிதத்துல எழுதிக் குடு. தப்பு எந்திரத்துலதான், எம்பொண்ணு ராசியில இல்லைன்னு. அத அவங்க வீட்டுல காட்டணும்."

எந்திரம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எந்தக் காலண்டரைப் பார்த்தேன், என்ன செய்யாமல் விட்டேன் எல்லாவற்றையும் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, அன்றே பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிளகினையும் அன்றே திருத்தினேன். அதன் பிறகு போன் அடிக்கும்போதெல்லாம் பயமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாராம். ஐப்பசியில் வேறு நாள் குறித்திருக்கிறார்கள். "இந்தத் தடவ ஐயருகிட்டயே இங்கிலீஷ் தேதியக் கேட்டுக்கிட்டோம்க்கா" என்று சிரித்தாள். கோயில் தளத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களும் பிளகினைப் புதுப்பிக்க வேண்டுமே என்று கேட்டேன்.

"நான்தான்க்கா. போன வருசம் ஒரு நாள் பிந்துதேன்னு உங்ககிட்ட எழுதிக் கேட்டதும் நான்தான். மண்டபம் பிடிக்கும்போது அப்பா கேட்டாரு, இந்தத் தேதி சரிதானான்னு. எழுதினவங்களே சந்தேகம் வேண்டாம்னு சொல்லிட்டாங்கப்பான்னு சொன்னேன்."