ஆஸ்பத்திரி வாசலில் நின்றுபோகும் படபடப்பு

தூத்துக்குடி மீன் மார்க்கெட்டுக்குப் பின்புறம் கருவாட்டுக் கடை வைத்திருந்தாள் இசபெல்லா. புருஷன் ரோச்சுக்குக் கொழும்புக்குப் போகிற தோணியில் வேலை; வருஷத்தில் பாதி கடலில்தான். வீடு, கடை, வாடிக்கைக்காரர்களோடு வாய்ச்சண்டை எல்லாம் அவள் ஒருத்தி பாடு. நெத்திலியை முகர்ந்து முகம் சுளிக்கிறவர்களை, "மல்லியப்பூ வேணும்னா கோயில் வாசலுக்குப் போங்க" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைப்பாள்.

படபடப்பு எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே நினைவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது யாரோ சுவிட்சைப் போட்டதுபோல் நெஞ்சு ஓடத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில், தொடங்கிய மாதிரியே சட்டென்று நின்றுவிடும். நின்றுபோன ஒன்றுக்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தாள். காபியை விட்டாள், ஒரு வாரம் தாங்கவில்லை, மறுபடி குடித்தாள். ஒருமுறை துணிந்து ஒரு டாக்டரிடம் போனாள். அவர் நாடி பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, புருஷன் ஊர்ல இல்லாத கவலை" என்று டானிக் எழுதிக் கொடுத்தார். இசபெல்லாவுக்கு அவமானமாகப் போயிற்று. ரோச் ஊரில் இருக்கும்போதுதான் அவளுக்குக் கவலையே அதிகம். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

தம்பி மகனுடைய ஞானஸ்நானத்தன்று அவள்தான் ஞானத்தாய். மாதா கோயிலில் பிள்ளையை ஏந்தி நின்றபோது நெஞ்சு ஓட ஆரம்பித்தது, கண் இருட்டியது. பிள்ளையைத் தம்பி மனைவி கிளாடிஸ் கையில் திணித்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் விழுந்தா விழுந்துட்டுப் போறேன். பிள்ளையோட விழுந்திருந்தா?" என்று வெளியே வந்ததும் கிளாடிஸிடம் புலம்பியவள், எல்லாவற்றையும் சொன்னாள்.

"நின்ன பொறவு போனா டாக்டருக்கு என்ன மைனி தெரியும்? ஓடும்போதே போங்க" என்றாள் கிளாடிஸ்.

அது இசபெல்லாவுக்குச் சரியாகப் பட்டது. கடை முன்னால் சைக்கிள் ரிக்‌ஷா நிறுத்தும் மந்திரமூர்த்தியிடம், எப்போது கூப்பிட்டாலும் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவைத்தாள்.

முதல் தடவை பாதி வழியிலேயே நெஞ்சு அடங்கிவிட்டது. அடுத்த தடவை ஆஸ்பத்திரி வாசலில்.

"நின்னுருச்சுலே, திருப்பு."

மந்திரமூர்த்தி வியர்வையைத் துடைத்தான். "எக்கா, இன்னுங் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கக் கூடாதா?"

மூன்றாம் முறை, நல்ல உச்சிவெயிலில், லாரிகளுக்கு நடுவே புகுந்து மிதித்தான். இசபெல்லா கழுத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே, "ஓடுதுலே, ஓடுது, மிதி" என்று உற்சாகப்படுத்திக்கொண்டே வந்தாள். உள்ளே, பக்கத்து ஊரான நாசரேத்திலிருந்து புதிதாக வந்திருந்த டாக்டர் கிருபை நாடியைத் தொட்டதுமே அவளைக் கட்டிலில் படுக்கவைத்து இசிஜி எடுத்தார். வெளியே மூச்சிரைத்துக் கிடந்த மந்திரமூர்த்தியின் நாடியைப் பிடித்த நர்ஸ், அவனுக்கும் ஒரு கட்டில் தேடினாள்.

"எனக்கில்ல சிஸ்டர், அங்கன படுத்திருக்க அக்காவுக்கு" என்று அவன் கையை உருவிக்கொண்டான்.

"நெசமாவே ஓடுதா டாக்டரம்மா?" என்று கேட்டாள் இசபெல்லா.

"ஓடுது. நல்ல நேரத்துல வந்தீங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நோய் இருக்கிறது என்று ஒருவர் சொன்னதற்காக இவ்வளவு சந்தோஷப்படுவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

நர்ஸ் ஒரு பேசினில் ஐஸ் போட்ட தண்ணீர் கொண்டுவந்தாள். மூச்சை அடக்கி முகத்தை அதில் முக்கச் சொன்னார் டாக்டர்.

"எங்கய்யா கடல்ல முத்துக்குளிச்ச ஆளு. என்னப் பேசின்ல குளிக்கச் சொல்லுதீங்களே" என்றபடி முக்கினாள். நிமிர்ந்தபோது நெஞ்சு அமைதியாக இருந்தது.

இதயத்துக்குள் கரண்டு போகிற பாதையில் ஒரு கோளாறு, கவலையால் வந்ததில்லை என்று டாக்டர் விளக்கினார். மாத்திரை கொடுத்தார். மறுபடி வந்தால் இதேபோல் செய்து பார்க்க வேண்டும், அப்படியும் நிற்காவிட்டால் உடனே வந்துவிட வேண்டும் என்றார்.

மாத்திரையால் படபடப்பு வெகுவாகக் குறைந்தது. எப்போதாவது வந்தாலும், மீன் மார்க்கெட்டில் ஐஸுக்கா பஞ்சம்? இசபெல்லா வாளியோடு கடைக்குப் பின்னால் போய்விடுவாள். பக்கத்துக் கடை முத்துக்கனி வந்தவர்களிடம், "கொஞ்சம் பொறுங்க, அவ கடலுக்குள்ள போயிருக்கா. இப்ப வந்துருவா" என்பாள்.