நன்மை கேட்டு ஒரு மனு

திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1079ஆம் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. ஒருவர் மரண ஆபத்தில் இருந்து, மேலிடத்தை அணுக அவகாசமும் இல்லையென்றால், அவருடைய திருமணத்துக்கு உள்ள தடையைப் பங்குக் குருவே விலக்கலாம். மூன்று பிரதி வேண்டாம், பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக்கு எழுதவும் வேண்டாம். வருவாய்த் துறையில் முப்பத்தைந்து ஆண்டு இருந்தவன் சொல்கிறேன், இவ்வளவு மனிதத்தன்மையுள்ள விதி எங்கள் நிலையாணைகளில் ஒன்றுகூடக் கிடையாது. அது பொருந்துவதற்கு ஒரே நிபந்தனை, ஆபத்து இருக்கிறது என்று யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டும்.

சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

என் மனைவி கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்து ஊர். நான் அதே ஆற்றில் கொஞ்சம் மேலே, ஆழ்வார்திருநகரி. எங்கள் வீட்டில் பெருமாளைத் தவிர வேறு யாருக்கும் இடம் கிடையாது. ஸ்ரீவைகுண்டம் தாலுகா அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளனாக இருந்தபோது அவள் அங்கே ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. முப்பது நாள் அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபம் வரவேண்டிய இடங்களிலிருந்தெல்லாம் வந்து தீர்ந்த பிறகு, பதிவாளர் முன்னால் கல்யாணம் செய்துகொண்டோம். அரசாங்கத்துக்கு அது முழுமையான திருமணம். அவளுடைய கோவிலுக்கு அது திருமணமே அல்ல. ஆகவே அவள் பூசைக்கு வரலாம், பாடலாம், முழங்காலில் நிற்கலாம், நன்மை மட்டும் வாங்கக் கூடாது. புத்தகத்தில் நற்கருணை என்று இருப்பதைக் கடற்கரையில் நன்மை என்பார்கள்.

சரிசெய்ய அப்போதே வழி இருந்தது. நான் ஒரு தடவை அவர்கள் கோவில் சாமியார் முன்னால் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். "சர்க்காரே சர்டிபிகேட் கொடுத்தாச்சு, இனி யார்கிட்ட போய்க் கேக்கணும்?" என்றேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

அவள் ஊர்க் கோவிலில் தரையில்தான் உட்கார வேண்டும். பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் பூசைக்கும் நானும் போவேன். கடைசித் தூணில் சாய்ந்து, தணிக்கைக்கு வந்தவனைப் போல உட்கார்ந்திருப்பேன். நன்மை நேரத்தில் பெண்கள் வரிசையாக எழும்போது அவள் கையை நீட்டுவாள். "பிள்ளைய என்கிட்ட தா, நீ போயிட்டு வா." முதலில் அண்ணன் பிள்ளைகள், தங்கை பிள்ளைகள், பிறகு அவர்கள் பெற்றவை. வரிசை திரும்பி வரும்வரை அவள் மடியில் ஏதோ ஒரு பிள்ளை இருக்கும். பிள்ளையை வைத்திருப்பதால்தான் அவள் போகவில்லை என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கு விளக்கக் குறிப்பு எதுவும் இணைக்கப்படவில்லை.

நான் ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து, ஒரு ஆகஸ்டில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்தோம், பிறகு பயாப்ஸி. அறிக்கை வாங்க நான் மட்டும் போனேன். கணையம் என்றார் டாக்டர், பரவிவிட்டது என்றார், பொங்கலைத் தாண்டினால் பெரிது என்றார். வீட்டுக்கு வந்து அல்சர் என்று சொன்னேன். காரத்தைக் குறைக்கச் சொன்னார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். பொய்யோடு ஒரு உபவிதி இருந்தால் நம்பிக்கை கூடும்.

அக்டோபரில் ஒரு மாலை அவள் ஜெபமாலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவை எனக்கு வச்சிக்கிடப் பிள்ளை இல்ல, பாத்துக்கிடுங்க."

"என்ன பிள்ளை?"

"கிறிஸ்துமஸ் பூசைக்கு. அண்ணன் பேத்தியும் புது நன்மை வாங்கிட்டா, அவளும் வரிசையில போயிருவா. மத்ததெல்லாம் குவைத்துலயும் கனடாவுலயும் கெடக்கு. நான் கைய மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு தடவை நானும் எந்திச்சுப் போவணும்னு இருக்கு" என்றாள்.

மறுநாளே இருவரும் எங்கள் பகுதிப் பங்குக் குருவைப் பார்க்கப் போனோம். நாற்பது வயதுக்குள் இருப்பார், தன்மையான மனிதர். "நீங்க மதம் மாற வேண்டியதில்ல சார்" என்று ஆரம்பித்தார். விண்ணப்பம், அவளுடைய ஞானஸ்நானச் சான்று, எங்கள் பதிவுத் திருமண நகல், இரண்டு பேர் சாட்சி. அவர் பரிந்துரைத்து ஆயர் இல்லத்துக்கு அனுப்புவார். எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. இணைப்புப் பட்டியல் உள்ள எந்த வேலையும் எனக்குப் பயமில்லை.

"கிறிஸ்துமஸுக்குள்ள வந்தா சந்தோஷம். உறுதியாச் சொல்ல முடியாது சார், வரிசைப்படிதான் வரும்" என்றவர், பேனாவை மூடாமலே கேட்டார், "அவசரம் ஏதும் இருக்கா?"

அவள் என் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இல்லை ஃபாதர்" என்றேன்.

மனுவை அன்றே எழுதினேன். எங்கள் வீட்டை விட்டு வெளியே போகும் எந்தக் கடிதமும் அவள் சிவப்புப் பேனாவுக்குத் தப்பியதில்லை. காரணம் என்ற பத்தியில் 'வயது முதிர்வை முன்னிட்டு' என்று போட்டிருந்தேன்.

"யாருக்கு முதிர்வு?"

"மனுதாரருக்கு."

"மனுதாரர நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்க" என்று அடித்துவிட்டு, மேலே எழுதினாள்: 'மனுதாரரின் நெடுநாள் விருப்பம்.'

"இது நிக்காது. விருப்பம் ஒரு காரணம் ஆகாது. இப்படி வந்த மனு எத்தனையைத் தள்ளியிருக்கேன் தெரியுமா?"

"அதான் தெரியுமே" என்றாள்.

உண்மைக் காரணத்தைத் தனித்தாளில் எழுதி, உறையில் இட்டு, 'மந்தணம்' என்று மேலே குறித்துப் பாதிரியார் கையில் தனியாகக் கொடுத்திருக்கலாம். அந்த மாதிரி உறைகளை ஆயுள் முழுக்க ஒட்டியவன் நான். தாளைக்கூட எடுத்து வைத்தேன். எழுதவில்லை. எழுதினால் அது பதிவாகிவிடும். பதிவாகாத ஒன்று நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளும் வசதியை அலுவலகம் எனக்குப் பழக்கியிருந்தது. முக்கிய விவரத்தை மறைத்த மனு எப்படிப் போகுமோ அப்படியே எங்கள் மனுவும் போனது, எல்லா மனுக்களோடும் சேர்ந்து, அதனதன் வேகத்தில்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். முதல் வர்த்திக்குள் மனு பதிவேட்டில் ஏறியிருக்கும் என்று கணித்தேன். இரண்டாவதற்குள் குறிப்பு எழுதியிருப்பார்கள், மூன்றாவதில் கையெழுத்துக்குப் போயிருக்கும். நான்காவதும் எரிந்தது. இதற்குள் அவள் தன் ஜாக்கெட்டுகளை எல்லாம் பிடித்துத் தைத்துவிட்டாள். "அல்சர் நல்லா இளைக்க வைக்கி" என்றாள். நான் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்து மூன்றாம் தேதி அவள் ஊருக்குப் போய்விட்டோம். குசினி முழுக்க எண்ணெய் வாசனை, முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு மணையில் உட்கார்ந்து பாசிப்பயற்று உருண்டை பிடித்தாள். அவளுடைய மைனி, அண்ணன் மனைவி, ஒன்றை எடுத்து எல்லாருக்கும் காட்டினாள்.

"இது கொத்தா, கோலிக்காயா? கையில வலுவே இல்லியே. சோறு திங்காளா இவ, அண்ணே?" என்று என்னைக் கேட்டாள்.

"காரம் குறைச்சிருக்கோம்" என்றேன்.

அவளுடைய அண்ணன் தோணியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். முற்றத்தில் கடல் மணலைக் கொட்டிக் குடில் கட்டிக்கொண்டிருந்தார். மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் ஒரு சின்னத் தோணியையும் வைத்தார்.

"பெத்லகேம்ல ஏது கடல்?" என்றேன்.

"மூணு ராசாவும் பின்ன நடந்தா வருவாவ? அது கெடக்கட்டும், உம்ம பேப்பர் எங்கன நிக்கி மாப்ளே?"

"நடவடிக்கையில இருக்கு."

"அப்படின்னா?"

"யாரோ ஒருத்தர் மேசையில கெடக்குன்னு அர்த்தம்."

"எத்தனை சனத்தைக் காக்க வச்சிருப்பீரு. இப்போ நீரும் செத்த நேரம் நில்லும் வே."

குசினிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. எல்லாரையும் விட அதிக நேரம் சிரித்தவள் என் மனைவி. பிறகு பாட ஆரம்பித்தார்கள், கிறிஸ்துமஸ் பாட்டுகளாக ஒன்றன்பின் ஒன்று, எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி ஐந்தாறு பெண்கள். அவள் கீழ்க்குரலில் பாடினாள். அந்த மதியம் அங்கே குறை என்று ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் பொங்கல் எத்தனை நாளில் என்று தெரியும்.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசைக்குப் போனோம். அவள் பச்சைப் பட்டு உடுத்தியிருந்தாள். நன்மை மணி அடித்தது. மைனி எழுந்தாள், புது நன்மை வாங்கிய பேத்தி எழுந்தாள், அந்த வரிசை முழுக்க எழுந்தது. நான் தூணிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண், எங்களுக்கு யாரென்றே தெரியாதவள், போகிற போக்கில் குனிந்து தன் கைக்குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள். கேட்கக்கூட இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு பெரிய மனுஷி, அவ்வளவுதான். அவள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டு முதுகைத் தட்ட ஆரம்பித்தாள். வரிசை திரும்பி வரும்வரை தட்டிக்கொண்டிருந்தாள்.

காரில் திரும்பும்போது சொன்னாள். "அழவே இல்லியே, நல்லா வச்சிருந்தீங்கன்னா அந்தப் பிள்ளையோட அம்மா."

"நீ என்ன சொன்னே?"

"பழக்கம்னேன்."

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது அவளுக்கு நினைவு தப்பியது. ஆஸ்பத்திரிக்குப் பங்குக் குரு உடனே வந்தார். எண்ணெய் பூசி ஜெபித்தார். நன்மையும் கொண்டுவந்திருந்தார், ஒரு சிறிய பித்தளைச் சிமிழில். அவளால் விழுங்க முடியாது. சிமிழைத் திறக்காமலே சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வராந்தாவில் என்னிடம் கேட்டார்.

"உங்களுக்கு எப்போ தெரியும் சார்?"

"ஆகஸ்ட்ல."

அவர் சட்டைப்பையில் இருந்த சிமிழை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே முடிச்சிருப்பேன் சார். அதுக்கு ஒரு பிரிவு இருக்கு" என்றார்.

மறுநாள் விடிந்தபோது அவள் இல்லை. ஊரில், அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். பூசையில் பாட்டு, மணி, எதற்கும் குறை வைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் அவளுடைய அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே மாப்ளே" என்றார்.

சில வாரம் கழித்துப் பங்குக் குரு என் வீட்டுக்கு வந்தார். மாதா குழந்தையைக் கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போன திருநாள் அன்று. கோவிலில் மந்திரித்த மெழுகுவர்த்தி ஒன்றையும் ஒரு உறையையும் மேசையில் வைத்தார். ஆயர் இல்லத்து ஆணை. கையெழுத்துத் தேதி அவளுக்கு நினைவு தப்புவதற்கு இரண்டு நாள் முந்தையது. அதற்குப் பிறகு தபாலில் சேர எடுத்த காலத்தைப் பற்றி நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். என் மேசையில் இதைவிட மெதுவாக நகர்ந்த கடிதங்கள் உண்டு.

இரண்டு தடவை படித்தேன். எங்கள் திருமணம், நடந்த நாள் முதலே செல்லும் என்று இருந்தது. முன்தேதியிட்டு நடைமுறைப்படுத்தும் ஆணைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு தூரம் பின்னால் போனதைப் பார்த்ததில்லை. காரணம் என்ற இடத்தில், அவள் சிவப்புப் பேனாவில் எழுதிய சொற்களையே எடுத்து வைத்திருந்தார்கள். மனுதாரரின் நெடுநாள் விருப்பத்தை முன்னிட்டு.

பாதிரியார் போன பிறகு, பழக்கத்தில், கடிதத்தின் இடது ஓரத்தில் 'பெறப்பட்டது' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன். அதன் கீழே தேதி போட்டேன்: பிப்ரவரி இரண்டு.