கணக்கு சார் சரிபார்த்த எண்

214,74,83,647. நீல மை ஊறிய ஒரு நோட்டின் முதல் பக்கத்தில்தான் இந்த எண்ணை முதலில் பார்த்தேன். அறுபதுகளின் நடுவில், செஞ்சியில் நான் தமிழாசிரியையாக இருந்த பள்ளியின் கணக்கு சார் வைத்திருந்த நோட்டு அது. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார்.

அதற்கு நான்கு மாதம் முன்பு அவர் மனைவி தலைப்பிரசவத்தில் இறந்திருந்தாள், குழந்தையும் பிழைக்கவில்லை. வலி கண்ட காலையில் அவர் என்னிடம்தான் ஓடிவந்தார். இரண்டு பெற்றவள் என்ற தைரியத்தில், முதல் பிரசவம் அவ்வளவு சீக்கிரம் ஆகாது, மத்தியான பஸ்ஸில் திண்டிவனம் போனால் போதும் என்றேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுக்குப் போய் அவளை ஒரு நிமிஷம் பார்க்கவில்லை. பஸ் வல்லத்தைத் தாண்டும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் யார் எதைச் சொன்னாலும் நம்பாதவராகிவிட்டார். ஏதோ பழைய கணிதப் புத்தகத்தில் இந்த எண்ணைப் பகா எண் என்று போட்டிருந்ததாம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாத எண். “அவங்க சொன்னா ஆச்சா? நான் போட்டுப் பாக்கணும்” என்றார்.

இரண்டை முப்பத்தொரு முறை வைத்துப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. அதனால் அதை வகுக்கக்கூடிய எந்த எண்ணையும் அறுபத்திரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சியே ஆக வேண்டுமாம். அந்த விதியையும் தானே நிரூபித்துப் பார்த்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார். அப்படியும் எழுநூறுக்கு மேல் வகுத்தல்கள். பள்ளி விட்டதும் உட்கார்ந்துவிடுவார். சட்டை தொளதொளக்கும் அளவுக்கு இளைத்துப்போனார். நான் கொடுத்தனுப்பிய குழம்பு பல நாள் தொடப்படாமலே திரும்பி வந்தது.

எல்லாம் முடிந்ததும், இன்னொரு ஆள் பார்ப்பது நல்லது என்று நோட்டுகளை என்னிடமே கொடுத்தார். ஒரு கோடை விடுமுறை முழுக்க வரி வரியாகப் போட்டுப் பார்த்தேன். பிராயச்சித்தம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேனோ என்னவோ. முந்நூற்றுப் பதினொன்றால் வகுத்த இடத்தில் மீதி இருபத்தைந்து என்றிருந்தது. எனக்கு முப்பத்தைந்து வந்தது.

பயந்துகொண்டே சொன்னேன். நின்றபடியே திரும்பப் போட்டார். முப்பத்தைந்துதான். “எப்படியும் மீதி இருக்குதே சார், பகா எண்தானே” என்றேன்.

நோட்டை மூடினார். குரலில் கோபமே இல்லை.

“எம்மாம் பொறுமையாப் பாத்துருக்கீங்க டீச்சர். அன்னிக்கும் உள்ள வந்து ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லியிருக்கலாம்.”

அடுத்த வருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சொல்லிக்கொள்ளவில்லை. பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

இன்றும் தெருவில் யாராவது, உடம்பு சரியில்லாதவர்களைப் பற்றி, “ஒண்ணும் ஆவாதுல்ல?” என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு போகிறேன்.